சவரிமுத்து மேஸ்திரியின் பாகப் பத்திரம்

போன வாரம், என்னிடம் தொழில் பழகும் உங்களில் ஒருவர் ஒரு காகிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். யார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுத்து வேலை செய்கிற ஒரு மனிதருக்கு வரியைப் பாதியாகக் குறைக்க யாரோ ஒரு கெட்டிக்காரர் வகுத்துக் கொடுத்த திட்டமாம். "படிச்சுப் பாருங்க சார், ஓட்டையே கிடையாது" என்றார். படித்தேன். ஓட்டை இல்லைதான். "கட்சிக்காரர் வீட்டுக்குப் போனாயா? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாயா?" என்றேன். "அதெல்லாம் எதுக்கு சார், பேப்பர் பக்காவா இருக்கே" என்றார். எனக்கு வந்த கோபத்தில் குடித்துக்கொண்டிருந்த காபியைப் பாதியில் வைத்துவிட்டேன்.

பேப்பர் பக்காவாம்! நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியிருக்கிறேன். பக்கா இல்லாத பேப்பரால் என் கட்சிக்காரர் எவரும் கெட்டுப்போனதில்லை. அதை ஆபீசர் திருப்பி அனுப்புவார், நாம் திருத்திக் கொடுப்போம், முடிந்தது. என் கண்ணெதிரே ஒரு குடும்பத்தைக் கவிழ்த்தது அப்பழுக்கில்லாத ஒரு பத்திரம். அதைப் பார்த்து "பேஷா இருக்கு" என்று சொன்ன மகானுபாவனும் நான்தான். உங்கள் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துத் திட்ட எனக்குத் தெம்பு இல்லை. அதனால் எழுதித் தொலைக்கிறேன், படியுங்கள்.

யுத்த காலம். மயிலாப்பூரில் லஸ் முனைக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஆடிட்டரிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். வயது முப்பது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது எங்கள் ஆடிட்டர் குடும்பத்தைக் கும்பகோணத்தில் கொண்டுபோய் வைத்தார். பயம் தெளிந்து ஊர் திரும்பி வந்த பிறகும் அவர் மட்டும் மாதத்தில் பாதி நாள் அங்கேதான். ஆபீஸ் என் கையில். நான் நீட்டின இடத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். எனக்குத் தலை கனத்துப் போயிருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

சவரிமுத்து மேஸ்திரி சாந்தோமில் பிறந்து வளர்ந்த தச்சர். ஐம்பது வயது, தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. பட்டாளத்துக்குக் கொட்டகை போடுகிற இடங்களில் கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் செய்து கொடுக்கும் கான்ட்ராக்ட் அவருக்குக் கிடைத்திருந்தது. சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது. வேலை இருந்தால் நாலு ஆளைச் சேர்த்துக்கொள்வார், இல்லாவிட்டால் தனியாக இழைத்துக்கொண்டிருப்பார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் நாலு காசு புரண்டது. குண்டுக்குப் பயந்து ஓடிய ஒரு குடும்பம் ராயப்பேட்டையில் இருந்த தங்கள் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டபோது அதை அவர் வாங்கிக் குடியும் வந்தார். இரண்டு பெண்கள். ஆளுக்குப் பாதி வீடு என்று பெண்டாட்டியிடம் சொல்லித்தான் வாங்கினார். அந்த வீட்டை நம்பித்தான் மூத்தவளுக்கு ஒரு நல்ல இடமும் பேசி முடித்திருந்தார்கள்.

வருமானம் வந்தால் வரி வருமே? வந்தது. யுத்தத்தை முன்னிட்டு சர்க்கார் வரியை ஏற்றிக்கொண்டே போன காலம் அது. மேஸ்திரிக்கு மூச்சு முட்டியது. அப்போதுதான் அந்தக் கோட்டுக்காரர் வந்து சேர்ந்தார்.

தியாகராய நகரில் பனகல் பார்க் பக்கம் மாடியில் ஓர் அறை எடுத்திருந்தார். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். கான்ட்ராக்டர்களைத் தேடித் தேடிப் பிடிப்பார். மேஸ்திரியிடம் அவர் சொன்னதை மேஸ்திரி எனக்கு அப்படியே நடித்துக் காட்டியிருக்கிறார். "ஏய்ச்சாதான் மிஸ்டர் சவரிமுத்து குத்தம். நாம ஏய்க்கல, தவிர்க்கறோம். டோட்டலி லீகல். உங்க தகப்பனார் வச்சிட்டுப் போன உளிப்பெட்டி இருக்கே, அதுதான் மூலதனம். அதை வச்சுச் சம்பாதிச்சது எல்லாம் கூட்டுக் குடும்பச் சொத்து. உங்களுக்கு ஒரு தம்பி இருக்காரில்லையா? சொத்தையும் சம்பாத்தியத்தையும் ரெண்டா பிரிச்சுப் பாகப் பத்திரம் எழுதிடுவோம். வரியும் பாதிக்குக் கீழே போயிடும்." மிச்சமாகும் வரியில் கால் பங்கு அவருக்குக் கூலி, அதுவும் முன்பணமாக.

பின்னால் ஒரு நாள் அடையாற்றில் சுண்ணாம்பு அடிக்கிற கான்ட்ராக்டர் ஒருவரின் பத்திரத்தைப் பார்க்க நேர்ந்தது. அதே பத்திரம், அதே வரிகள். உளிப்பெட்டி என்கிற இடத்தில் மட்டும் சுண்ணாம்பு மட்டையும் வாளியும். அந்த மனிதரின் அப்பா தவில் வாசித்தவர், வாளியைக் கையால் தொட்டவரே இல்லை. சிரிப்பதா அழுவதா என்றே எனக்குத் தெரியவில்லை.

மேஸ்திரியின் பத்திரம் ரிஜிஸ்தரும் ஆன பிறகுதான் என் மேஜைக்கு வந்தது. "ஐயரே, சரியாக் கீதான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. எனக்குப் படிக்கத் தெரியாது, உன்னத்தான் நம்பிகினு கீறேன்" என்றார். நான் என்ன பார்த்தேன்? ஸ்டாம்ப் சரியா, பார்த்தேன். சாட்சிகள் இருவர், உண்டு. ரிஜிஸ்திரார் முத்திரை, பளிச்சென்று இருந்தது. எழுத்து மணிமணியாக இருந்ததில் மயங்கிக்கூடப் போனேன். "பேஷா இருக்கு மேஸ்திரி. இப்படியே ரிட்டர்ன் எழுதிடறேன்" என்றேன்.

இப்போது உங்களைக் கேட்கிறேன், நீங்களாவது சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கிறவர் பெயர் சவரிமுத்து. கழுத்தில் சிலுவை தொங்குகிறது. வேதக்காரர்களான கிறிஸ்தவர்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு, இந்துக்களின் கூட்டுக் குடும்பச் சட்டம் அவர்களுக்குக் கிடையாது என்பது பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும்! ஆனால் எங்கள் ஆபீசுக்கு வந்தவர்கள் எல்லாம் தெற்கேயிருந்து வந்து ஜவுளிக் கடையும் நகைக் கடையும் வைத்தவர்கள். அண்ணன் தம்பி என்றாலே என் பேனா தானாகவே கூட்டுக் குடும்பம் என்று எழுதிவிடும். மேஸ்திரியின் ஜனங்களும் கல்யாணத்தில் தாலி கட்டினார்கள், சீர் வைத்தார்கள், அண்ணன் பேச்சைத் தம்பி தட்டமாட்டார். எனக்கு வித்தியாசமே தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. கோட்டுக்காரருக்குத் தோன்றியிருக்கும், ஆனால் முன்பணம் கைக்கு வந்துவிட்டதே.

ஆறு மாதம் கழித்து வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. பத்திரத்துடன் அண்ணன் தம்பி இருவரும் நேரில் வரவேண்டும் என்று. நோட்டீசைப் பார்த்ததும் மேஸ்திரி கோட்டுக்காரரைத் தேடித் தியாகராய நகருக்கு ஓடினார். மாடி அறை பூட்டிக் கிடந்தது. கீழே வெற்றிலைக் கடைக்காரர், "அவுரு காலி பண்ணிகினு போயி ஒரு மாசம் ஆச்சு" என்றாராம்.

ஆஜராவதற்கு முதல் நாள் மத்தியானம் மேஸ்திரியின் மனைவி ஆரோக்கியம் அம்மாள் டிராம் பிடித்து எங்கள் ஆபீசுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, வாசற்படியிலேயே நின்றார்.

"பத்திரத்துல கொயுந்தனாரு பேரைப் போட்டுக்கீறாங்களாமே ஐயரே. அந்த வூட்ட வுட்டா எம் பொண்ணுங்களுக்கு வேற ஒண்ணும் இல்ல. வூட்டுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஒண்ணும் ஆகாதும்மா. அது சும்மா காகிதம். வரிக்காக எழுதினது" என்றேன். அந்த அம்மாள் மார்பில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு நிம்மதியாகத் திரும்பிப் போனார். இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் என் நாக்கை அறுத்துப் போடலாமா என்று இருக்கிறது.

மறுநாள் வரி ஆபீஸ் தாழ்வாரத்தில் மேஸ்திரியின் தம்பி ஞானப்பிரகாசத்தை முதன்முதலாகப் பார்த்தேன். பள்ளிக்கூட வாத்தியார். சலவை வேட்டி, பழைய கோட்டு, அக்குளில் குடை. என்னைத் தனியாக அழைத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நான் வாடகை வீட்டுல ஒரே அறையில நாலு பிள்ளைகளோட இருக்கேன். எங்க அண்ணன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு வாடான்னார், போனேன். கையெழுத்துப் போடுன்னார், போட்டேன். வீட்டுக்கு வந்து நகலைப் படிச்சுப் பார்த்தா பாதி வீடு எனக்காம். எங்க நைனாவோட உளிப்பெட்டியைக்கூட மறக்காம எழுதியிருக்கார் சார். அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுல யாரும் சாப்பிடல. அழுதுட்டே இருந்தோம்."

மேஸ்திரியை மூலைக்கு இழுத்துப் போனேன். "என்ன ஓய், தம்பிகிட்ட இது காகிதத்துக்குத்தான்னு சொல்லலையா?"

"கோட்டுக்காரருதான் சொல்லாதன்னாரு. வாத்தி பொய் சொல்லமாட்டான், தெரிஞ்சா அங்க போயி ஒளறிடுவான். தெரியாமக் கீறவரைக்கும் அவன் வாயில நெசம்தான் வரும்னாரு. அப்பால மெள்ள சொல்லிக்கலாம்னு வுட்டுட்டேன் ஐயரே." தலையைக் குனிந்துகொண்டார். "அவன் அன்னிக்கு வந்து என் கையப் புடிச்சுகினு அயுதான். அத்த பாத்ததுக்கப்புறம் இன்னான்னு சொல்ல சொல்ற?"

அந்த நிமிஷம்தான். இதைக் கவனியுங்கள். ஒரு வாய்தா கேட்டிருந்தால் போதும். கட்சிக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று பேரும் ஓட்டலில் உட்கார்ந்து பேசியிருக்கலாம். அண்ணன் தன் வாயால் தம்பியிடம் சொல்லியிருப்பார். அழுகையோ சண்டையோ, சர்க்கார் ரிக்கார்டில் ஏறாமல் முடிந்திருக்கும். நான் ஏன் கேட்கவில்லை? ஆபீசர் ஏன் எதற்கு என்று துருவினால் என் பிசகு வெளியே வந்துவிடுமே, ஆடிட்டர் காதுக்குப் போய்விடுமே என்ற பயம். சமாளித்துவிடலாம் என்ற திமிர் வேறு. பியூன் பெயரைக் கூப்பிட்டான். உள்ளே போனோம்.

ஆபீசர் சின்ன வயது, அலட்டாத மனிதர். பத்திரத்தை நிதானமாகப் படித்தார். மேஸ்திரியை நிமிர்ந்து பார்த்து, "ஞாயித்துக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போவீங்க?" என்று கேட்டார்.

மேஸ்திரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சாந்தோம் கோயிலு சார். எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து அங்கதான். பீடத்துக்கு மர வேல நான்தான் செஞ்சு குடுத்தேன்."

அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்காலியோடு பூமிக்குள் போய்விட மாட்டேனா என்று இருந்தது. ஆபீசர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நீங்களுமா இதை வாசிச்சீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு மேஸ்திரி பக்கம் திரும்பி, ஒரு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"மேஸ்திரி, கிறிஸ்தவங்களுக்கு இந்தக் கூட்டுக் குடும்பச் சட்டம் கிடையாது. அதனால வரி முழுசும் உங்க தலையிலதான். அதுல மாத்தமில்ல. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். இந்தப் பத்திரம் வரிக்காகச் செஞ்ச ஜோடனையா? ஆமான்னா இப்பவே சொல்லிடுங்க. அபராதம் உண்டு. ஆனா ஜோடனைன்னு நான் பதிவு பண்ணிடறேன், வீடு பூரா உங்களுதுதான். இல்ல, நெஜமாவே தம்பிக்குக் குடுத்தீங்கன்னா அபராதம் இல்ல. உங்க வீடு, யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். ஆனா அப்புறம் குடுக்கலைன்னு சொல்ல முடியாது."

எவ்வளவு நல்ல மனிதர், பாருங்கள். வழி முழுவதையும் அவரே திறந்து வைத்தார். "ஜோடனைதான்" என்று ஒரு வார்த்தை. அபராதம் கட்ட இரண்டு வருஷம் இழைத்தால் போதும். மேஜைக்குக் கீழே மேஸ்திரியின் காலை மிதித்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் ஆபீசர் தம்பியிடம், "நீங்க சொல்லுங்க வாத்தியார்" என்றுவிட்டார்.

ஞானப்பிரகாசம் எழுந்து நின்றார். "ஜோடனையா? சத்தியமா இல்ல சார். எங்க அண்ணன் அப்படிப்பட்டவர் இல்ல. தொழில்ல எனக்குப் பங்கு வேண்டாம்னு நானே அவர்கிட்ட சொல்லிட்டேன், அது அவர் உழைப்பு. தலை சாய்க்க ஒரு பக்கம் போதும். இப்படி ஒரு அண்ணன் எவனுக்கும் கிடைக்க மாட்டான் சார்."

மேஸ்திரி தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபடி காலை மிதித்தேன், இந்த முறை பலமாகவே. அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"தம்பி சொன்னதுதான் சார்" என்றார்.

எழுதினார்கள், வாசித்துக் காட்டினார்கள். தம்பி கையெழுத்துப் போட்டார், அண்ணன் பெருவிரல் வைத்தார். அதே மாதம் வாத்தியார் வாடகை அறையைக் காலி செய்துகொண்டு மனைவி மக்களோடு ராயப்பேட்டை வீட்டுக்கு வந்துவிட்டார். முழு வரியும் வந்தது. பெண்ணின் பங்கு கால் வீடாகிவிட்டது என்று தெரிந்ததும் மூத்தவளுக்குப் பேசியிருந்த இடத்துக்காரர்கள் நாகரிகமாகப் பின்வாங்கினார்கள். எங்கள் ஆடிட்டர் கும்பகோணத்திலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூன்று நாள் என்னோடு பேசவே இல்லை. அடித்திருக்கலாம்.

ஞானப்பிரகாசத்தின் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேஸ்திரி மேலும் வரவில்லை. கோட்டுக்காரரை மட்டும் இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன், மிச்சம் இருப்பதை எனக்கு வைத்துக்கொள்கிறேன். உங்களுக்குச் சொல்வது இதுதான்: இந்த மாதிரிக் காகிதத்தோடு ஒருவர் வந்தால் முத்திரையைப் பார்க்காதீர்கள், சட்டப் பிரிவையும் அப்புறம் பார்க்கலாம். "இதை நிஜம் என்று நம்பிக்கொண்டு உங்கள் வீட்டில் யாராவது இருக்கிறார்களா?" என்று முதலில் கேளுங்கள். ஒருவர் இருந்தாலும் அந்தக் காகிதத்தைத் தொடாதீர்கள். கேட்க உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். எனக்கும் இருந்திருக்கும், ஆனால் நான் கேட்கவே இல்லையே!

ஏழெட்டு மாதம் கழித்து, மனசு கேட்காமல், ஒரு காலைப்பொழுதில் ராயப்பேட்டைக்குப் போனேன். ஆரோக்கியம் அம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார், வா என்றுகூடச் சொல்லவில்லை. கூடத்தின் நடுவே மேஸ்திரி மரத் தடுப்பு ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார். அடுத்த பக்கத்தில் வாத்தியாரின் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். "பெரியப்பா, ஆணி வேணுமா?" என்று ஒரு பெண் குழந்தை எட்டிப் பார்த்துக் கேட்டது. "வேணாம்டா கண்ணு, போயி படி" என்றார் மேஸ்திரி.

என்னைப் பார்த்துக் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் மடியைத் தட்டிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"ஐயரே, நல்ல வேள நீயே வந்த. ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இப்ப நெசமாவே வூடு ரெண்டாயிடுச்சி. தம்பி அந்தாண்ட கீறான், நான் இந்தாண்ட கீறேன். பொய்யி ஒண்ணும் இல்ல. இந்த வருசமாவது வரி கொறையுமா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குறையாது மேஸ்திரி" என்றேன்.